மாடியில் யாருக்கு நைட் ஷிஃப்ட்?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரை உடைத்தோம்.

தெரிந்தேதான் உடைத்தோம். ஜன்னல் வைப்பதற்காக.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் சமையலறை புதிதல்ல. மண்ணூரில் சுற்றிலும் நெல் வயல் இருந்த காலத்தில் மாமனார் கட்டிய வீடு. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர். அதில் பூனை நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் – அதற்குப் பெயர் ஜன்னலாம். உச்சி வெயில் நேரத்தில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்கிற வீடு இந்த வட்டாரத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். கீரையோடு சேர்த்து வேறு எதை ஆய்ந்தேன் என்பது சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. கை சும்மா இருக்காது.

ஒரு அலமாரியை நகர்த்துவேன். அது இருந்த இடம் வெறிச்சென்று தெரியும். அங்கே எதையாவது மாட்டலாமே என்று ஆணி அடிப்பேன். காரை உதிரும். காரையைப் பூசினால் பக்கத்துச் சுவர் அழுக்காகத் தெரியும்... இப்படியே போய், ஒரு காலண்டர் மாட்டக் கிளம்பி வீடு முழுக்க வெள்ளையடித்து முடித்தவள் நான்.

"கலா, நீ ஒரு வாரம் கைய கட்டிக்கினு குந்துனீனா இந்த வூடு இன்னும் நூறு வருசம் நிக்கும்" என்பார் எங்கள் வீட்டுக்காரர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனாலேயே கேட்பதில்லை.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு ஆணி அடிப்பது அத்தனை சுலபமில்லை. சுவரைக்கூடச் சமாளித்துவிடலாம். ஷிஃப்டை என்ன செய்வது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எல்லாம் கம்பெனிகள். அதில் எந்தத் தெருவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். காலையில் ஒருவர் வேலைக்குக் கிளம்பும்போது, எதிர்வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பார். நாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரிக்கும்போது மாடியில் ஒருத்திக்கு நடுநிசி. ஊர் முழுக்கச் சேர்ந்து விழித்திருக்கிற நேரம் என்று ஒன்று உண்டா? தேடிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் முன்பக்கம், கூடத்துக்கு மேலே, பிற்பாடு ஒரு கான்கிரீட் ரூம் கட்டினோம். அதில் மூன்று பெண்கள் குடியிருக்கிறார்கள். மூவருக்கும் ஊர் சங்கரன்கோவில் பக்கம். மூவருக்கும் ஒரே கம்பெனி, வேறு வேறு அசெம்ப்ளி லைன். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். வீடு பழசு. கீழே ஒரு கதவைச் சாத்தினால் மேலே கட்டில் அதிரும்.

அதனால் நான் என் சமையலையே மாற்றிக்கொண்டேன். பகலில் குக்கர் வைப்பதில்லை. பருப்பைப் பாத்திரத்தில் போட்டு, பக்கத்திலேயே நின்று வேகவைப்பேன். மிக்ஸிக்கு அடியில் கனமான துண்டு. அப்படியும் சத்தம் கேட்கும் என்று தோன்றினால் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் துணி துவைக்கும் கல்லுக்குப் போய்விடுவேன். நான் மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்து, எதிர்வீட்டில் ஒருநாள் "குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

சரி, யார் எந்த ஷிஃப்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் படியேறிப் போய் விசாரிக்க முடியுமா? எனக்கு ஒரு வழி இருந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பி. காலையில் அதில் ஈர யூனிஃபார்ம் சொட்டிக்கொண்டிருந்தால், ஒருத்தி இரவு வேலை முடிந்து வந்து, துவைத்துப் போட்டுவிட்டுத் தூங்குகிறாள். கம்பி காலியாக இருந்தால் நைட் ஷிஃப்ட் யாருமில்லை. இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கம்பியில் யூனிஃபார்ம் இல்லை. அதுவுமில்லாமல், இரண்டு பெண்கள் முந்தின நாள்தான் ஊரில் ஒரு கல்யாணம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். மூன்றாமவள் முத்துச்செல்வியும் கூடப் போயிருப்பாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாசலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்திருக்கலாமே என்பீர்கள். ஒருமுறை தெரு நாய் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு போனதிலிருந்து அவர்கள் செருப்பை உள்ளேதான் வைக்கிறார்கள்.

உடனே ஏழுமலை மேஸ்திரிக்கு போன் போட்டேன்.

மேஸ்திரி எங்கள் ஊர்க்காரர்தான். ஆனால் பிடிப்பது குதிரைக் கொம்பு. எப்போதும் ஏதோ ஒரு கம்பெனிக்குள் வேலையாக இருப்பார். அன்று வந்தவர் வந்ததுமே சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒரு நாளுதாம்மா எனக்கு சும்மா கீது. நாளைக்கு ஒரகடத்துல கம்பெனி காம்பவுண்டு வேல. உள்ள பூந்தேன்னா திரும்ப வெளிய வர தீவாளி ஆயிடும்."

வேலை ஆரம்பமானது. சந்துப்பக்கச் சுவர். அந்தப் பக்கம் மாடிப்படி, அதையொட்டி ஒரு முருங்கை. ஜன்னல் வந்தால் வெளிச்சமும் வரும், நின்ற இடத்திலிருந்தே முருங்கைக்கீரையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை.

உளியும் சுத்தியலும் விழ ஆரம்பித்ததும் எனக்குள் என்னமோ கட்டவிழ்ந்துவிட்டது. மாடியில் யாருமில்லை! பின்பக்கம் அடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு குக்கரை ஏற்றினேன். விசில் மேல் விசில். கேட்கக் கேட்க அப்படி ஒரு சந்தோஷம். இட்லிப் பொடி அரைத்தேன். தேங்காய்த் துவையல் அரைத்தேன். தேவையே இல்லாமல் மிளகாயையும் மல்லியையும் வறுத்து, துண்டு போடாமல், மிக்ஸியை முழு வேகத்தில் ஓடவிட்டேன். ரேடியோவை வேறு சத்தமாக வைத்தேன். இத்தனை மாதமாக அடக்கிவைத்த சத்தம் எல்லாவற்றையும் ஒரே காலையில் செலவழித்தேன்.

சுவரில் பாதிக்கு மேல் உடைந்திருக்கும்போது, படியிறங்கி முத்துச்செல்வி வந்தாள்.

நைட்டிக்கு மேல் துப்பட்டா. கன்னத்தில் தலையணை மடிப்பு. கண் இரண்டும் மிளகாய்ப் பழம். என் வயதுக்கு என்னை 'அக்கா' என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அவள்தான். அன்றும் அப்படியே கூப்பிட்டாள்.

"யக்கா... கொஞ்சம் பஞ்சு இருக்கா?"

"பஞ்சா? எதுக்குடி, காது வலியா?"

"இல்லக்கா. சும்மாதான்."

கையில் கரண்டியோடு ஓடிப்போய் ரேடியோவை அணைத்தேன்.

"நீ ஊருக்குப் போகலையா?"

"எனக்கு லீவு தரலக்கா. நைட்டு ஷிஃப்டு."

"யூனிஃபார்ம் கம்பியில இல்லியே..."

அவள் மொட்டைமாடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுல நீங்க அவரைக் கொடியப் படர விட்டிருக்கிய. பூ வேற வச்சிருக்கு. துணி போட்டா ஒடிஞ்சிரும்னு ஒரு வாரமா நாங்க ரூமுக்குள்ளயே காயப்போட்டுக்கிடுதோம்."

ஆடி மாதம் மண் நிரப்பிய பையில் ஊன்றிய அவரை. பந்தல் போடச் சோம்பேறித்தனப்பட்டு, இழுத்த இழுப்புக்கு வரும் என்று அந்தக் கம்பியில் ஏற்றிவிட்டவள் நான்தான். அடையாளத்துக்கு இருந்த ஒரே கம்பியையும் கெடுத்துவிட்டு, கம்பியில் துணி இல்லை என்று சுவரை உடைத்திருக்கிறேன். என் கைவண்ணத்தை எங்கே போய்ச் சொல்வது?

"காலையில இருந்து இடிக்கிறாங்களே, இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?"

"எப்படிக்கா சொல்ல? முன்ன இருந்த வீட்டுல, நாங்க ராத்திரி கேட்டத் தொறக்கச் சத்தம் தொந்தரவா இருக்குன்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நீங்க ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. ஒங்க வீட்டுச் சுவத்த நீங்க இடிக்கதுக்கு நான் என்னத்தச் சொல்ல..."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நாம் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மாடியில் ஒருத்தி நமக்குப் பயந்துகொண்டு குடியிருக்கிறாள்... இதைவிட வேறு என்ன வேண்டும்?

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று இரவு அவளுக்கு ஒரு டெஸ்ட். இத்தனை நாளும் கான்ட்ராக்ட். இப்போது லைனில் சிலரைப் பொறுக்கி, இன்னும் கஷ்டமான ஒரு வேலையைக் கொடுத்து, சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பார்ப்பாராம். பொடிப்பொடி ஸ்க்ரூ, வயர் எல்லாம் வரிசை தப்பாமல் மாட்ட வேண்டும். தேறினால் கம்பெனி ரோல், அதாவது நிரந்தர வேலை. தேறாவிட்டால் கான்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். போன மாதம் லைனில் ஒருநாள் கண் அசந்து, சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

தூங்காமல் போய் அந்த ஸ்க்ரூவை எப்படி மாட்டுவாள்?

"மேஸ்திரி, நிறுத்துங்க" என்றேன்.

அவர் உளியை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா நீங்க? பாதி செவுத்த தொறந்துட்டு நிறுத்துன்றீங்களே. மேல பாரம் அப்படியே நிக்கிது பாருங்க. லிண்டல் ஏத்தாம வுட்டா ராத்திரி மழைல செவுரு உக்காந்துடும். அப்பறம் ஜன்னல் இல்ல, வாசப்படிதான் வெக்கணும்."

லிண்டல் என்பது ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்குகிற கான்கிரீட் பலகை. அது சந்தில் தயாராகச் சாய்ந்திருந்தது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்றார்களே... பழைய வீட்டில் ஒரு ஜன்னல் வைத்துப் பார் என்பதை ஏன் விட்டுவிட்டார்கள்?

அப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரை நிறுத்த முடியாது. அவளையாவது எங்கேயாவது தூங்க வைக்க வேண்டும். எங்கள் படுக்கையறையில் படுக்க வைத்தேன். அடுத்த அடிக்கே மேலேயிருந்து சுண்ணாம்பு அவள் நெற்றியில் விபூதியாக விழுந்தது. எழுப்பினேன். இடது பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே கிரில் கேட்டுக்கு வெல்டிங். எதிர்வீட்டில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். என்னைப் போலவே அவர்களுக்கும் மழைக்கு முந்தி முடிக்கிற அவசரம். தெருக்கோடியில் மாதா கோயில் ஞாபகம் வந்தது. உள்ளே குளுகுளுவென்று இருக்குமே! போனால், புது மைக் செட் மாட்டி 'ஹலோ, ஹலோ' சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருக் காலி மனையில் போர்வெல் போடுகிறார்கள்.

மண்ணூரில் பகலில் ஒருத்தி தலை சாய்க்க ஓரிடம் இல்லை. தலையணையை அணைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள் முத்துச்செல்வி. "பரவால்லக்கா... விடுங்கக்கா..." என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பதற்றம் கூடியது.

வீட்டுக்குத் திரும்பினால், எங்கள் வீட்டுக்காரர் மதிய டிரிப்புக்குக் கிளம்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு பஸ் வைத்திருக்கிறார். அவரே முதலாளி, அவரே டிரைவர். ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்குகிற வேலை. மதியத்துக்கு மதிய ஷிஃப்ட் ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, காலை ஷிஃப்ட் ஆட்களைக் கூட்டிவர வேண்டும்.

நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு ஊரெல்லாம் சுத்திக்கினு கீற? பஸ்ஸுல படுக்கச் சொல்லு."

"பஸ்ஸுலயா? ஆளுங்க இருப்பாங்களே. பேச்சும் பாட்டுமா..."

"நீ என்னிக்காச்சும் கம்பெனி பஸ்ல போயிருக்கியா? ஏறி ஒக்காருவான், வாய பொளந்துகினு தூங்குவான். முழிச்சிக்கினு வர ஒரே ஆளு நாந்தான். அதுவும் வேற வழியில்லாம."

அவர் சொன்னது உண்மை. இந்த ரோட்டில் ஓடும் எந்தக் கம்பெனி பஸ்ஸையாவது எட்டிப் பாருங்கள். தலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். வீட்டில் வராத தூக்கம் பஸ் ஏறியதும் வந்துவிடுகிறது. முத்துச்செல்வியின் முகத்திலும் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிவு.

"ஆமாக்கா, பஸ்ஸுனா எனக்கு ஒடனே வந்துரும். அண்ணாச்சிக்குத் தொந்தரவு இல்லன்னா..."

எங்கள் வீட்டுக்காரரை அவள் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவாள். ஏதோ மளிகைக் கடை வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று முதலில் முறைத்துக்கொண்டிருந்தவர், இப்போதெல்லாம் கேட்காத மாதிரி ரசிக்கிறார். முத்துச்செல்வி உடை மாற்றிக்கொண்டு, தலையணையோடு கடைசி சீட்டில் போய்ச் சுருண்டாள். பஸ் கிளம்பியது.

நாலு மணிக்குள் திரும்பிவிடுவார். எப்போதும் அப்படித்தான்.

நான் சும்மா இருந்தேனா? இருக்க முடியுமா? லிண்டல் ஏற்றும்போது குறுக்கே நின்று மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். வெளியே போய் வானத்தைப் பார்த்தேன். உள்ளே வந்து ஏற்கெனவே வெந்த பருப்பைக் கிளறினேன். ஆள் ஏற்றும்போது யாராவது எழுப்பிவிட்டிருப்பார்களோ? கம்பெனி வாசலில் வண்டி நிற்கும்போது வெயிலில் வெந்து விழித்திருப்பாளோ? போன் போட்டேன். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் போட்டேன். மேஸ்திரி லிண்டலை ஏற்றி, ஓரம் பூசி, ஜன்னல் சட்டத்தையும் நிறுத்திவிட்டார்.

நாலு மணி ஆகியும் பஸ் வரவில்லை.

தூறல் ஆரம்பித்தது. திறந்த ஜன்னலுக்குத் தார்ப்பாயைக் கட்டிவிட்டு மேஸ்திரியும் கிளம்பிவிட்டார். வீடு அப்படியொரு நிசப்தம். தூங்குவதற்கு இதைவிட நல்ல வீடு உலகத்தில் கிடையாது – ஆனால் தூங்க வேண்டியவள் எங்கே? அவள் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கம்பெனி வண்டியைப் பிடிக்க வேண்டும். வண்டி எங்கேயாவது மாட்டிக்கொண்டால் டெஸ்ட்டும் போகும், வேலையும் போகும். ஒரு ஜன்னலுக்கு ஆசைப்பட்டு ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு பஸ் வந்து நின்றது.

முத்துச்செல்வி தலையணையோடு இறங்கினாள். முகம் வீங்கி, முடி கலைந்து, அசல் தூக்கம் தூங்கியவளின் முகம். "நல்லா ஒறங்கிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் குளிக்க ஓடினாள்.

நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க போயிட்டீங்க? ஆளுங்கள எப்பவோ எறக்கி விட்டிருப்பீங்களே."

"எறக்கி வுட்டுட்டேன். வண்டிய நிறுத்துனா அந்தப் பொண்ணு முழிச்சிக்கிறா, கலா. சிக்னல்ல நின்னாகூட தலைய தூக்கிப் பாக்குறா. அதான் நிறுத்தாம சுத்திக்கினே இருந்தேன். சேரப்பணஞ்சேரி வரிக்கும் போய்ட்டு வந்தேன். அந்தப் பக்கம் ரோடு காலியா இருந்திச்சி."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு டீ கேட்டார். காலையிலிருந்து ஸ்டியரிங் பிடித்த கை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை இவ்வளவு பிடித்துப்போன நாள் வேறு இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

இரவு அவள் கிளம்பிப் போனாள். மறுநாள் விடியும்போது தார்ப்பாயை விலக்கினேன். என் சமையலறைக்குள் முதல் தடவையாக வெயில் நுழைந்தது. நுழைந்ததும் தெரிந்தது, என் சமையலறை எவ்வளவு அழுக்கு என்று. அந்தத் துயரத்தை இன்னொரு நாள் அழுதுகொள்ளலாம். முருங்கைக்குப் பக்கத்தில், மாடிப்படியில், முத்துச்செல்வி ஏறிக்கொண்டிருந்தாள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், வெறும் காலோடு ஏறினாள். இத்தனை மாதமும் இப்படித்தான் ஏறியிருக்கிறாள். நான் பார்த்ததே இல்லை.

ஜன்னல் வழியே கூப்பிட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"தேறிட்டேன்க்கா. ஒண்ணுகூட வரிசை மாறலன்னு சொன்னாவ."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. செங்கல் தூசி என்று சமாளித்தேன்.

"ஆனா... புது லைனுல மூணு மாசத்துக்கு முழுக்க நைட்டுதான்க்கா" என்றாள், ஏதோ அவள் செய்த தப்பு மாதிரி. "ஷூவப் போட்டுக்கிட்டே ஏறுடி" என்றேன்.

அன்றைக்கே மொட்டைமாடிக்குப் போய், அவரையைக் கம்பியிலிருந்து பிரித்து மூங்கில் குச்சியில் கட்டினேன். பாதி ஒடிந்துவிட்டது. மீதி பூத்திருக்கிறது. கம்பியில் இப்போது யூனிஃபார்ம் காய்கிறது.

மூன்று மாதம். குக்கர் இல்லை, ஆணி இல்லை, மிக்ஸி மறுபடியும் இடுப்பில். ஆனால் புது ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரே ஒரு சின்ன ஓட்டைதானே... சுவரை நான் விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்ததை, பின்னால் நின்று அவர் பார்த்துவிட்டார்.

"அடுத்தது இன்னா ஒடைக்கப் போறேனு முன்கூட்டியே சொல்லிடு கலா. டீசல் ரொப்பி வெச்சிக்கிறேன்."